விஆர் ஹெட்செட் தேர்ந்தெடுப்பது எப்படி: முதலில் தளம், அடுத்து முகம், அப்புறம்தான் பிக்சல்

எச்பி ரிவெர்ப் ஜி2 என்று ஒரு விஆர் (மெய்நிகர் உலகைக் கண்ணெதிரே காட்டும்) ஹெட்செட் உண்டு. ஒரு கண்ணுக்கு 2160×2160 பிக்சல். எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால், அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்த மெட்டா குவெஸ்ட் 3எஸ்-ஐவிட (1832×1920) கூர்மையானது. ஆனால் அது இயங்கியது விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருள் தளத்தின் மேல். அந்தத் தளத்தைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அதை அடியோடு நீக்கிவிட்டது. லென்ஸில் ஒரு கீறல்கூட விழாத ஹெட்செட், கணினியைப் புதுப்பித்த பிறகு வெறும் பிளாஸ்டிக்காக நின்றுபோனது.

ஹெட்செட்டுகளை ஒப்பிடும்போது பெரும்பாலானோர் பிக்சல் எண்ணிக்கையில் ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழ் வரிசை. எந்தத் தளம், அந்தத் தளத்தில் நீங்கள் வாங்குவது நாளை எங்கே போகும் என்பது முதல் கேள்வி. உங்கள் முகத்துக்கும் கண்ணுக்கும் பொருந்துமா என்பது இரண்டாவது. பிக்சல் அதற்கும் பிறகு.

எந்தெந்த வகை

படத்தை வரைந்து தரும் கணினி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், வகை தானாகப் பிரிந்துவிடும்.

செல்போனைச் செருகிப் பார்க்கும் வகை முடிந்துபோன கதை. கூகுள் கார்ட்போர்டு, சாம்சங் கியர் விஆர், கூகுள் டேட்ரீம் எல்லாம் இதில் அடக்கம். இவை தலை திரும்புவதை மட்டும்தான் உணரும். நீங்கள் ஓர் அடி முன்னால் குனிந்தால் காட்சியும் கூடவே குனியும், அந்த இடத்திலேயே தலைசுற்றல் ஆரம்பித்துவிடும். இன்றும் இணையக் கடைகளில் "விஆர் பாக்ஸ்" என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்காதீர்கள்.

தனித்தியங்கும் வகையில் கணினி, பேட்டரி, கேமரா எல்லாம் முகத்தின் மேலேயே இருக்கும். மெட்டா குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ், பிகோ 4 ஆகியவை இதில் வரும். தனிக் கணினி தேவையில்லை, பெட்டியைப் பிரித்த அரை மணியில் ஆடலாம். வேண்டுமென்றால் கணினியோடு இணைத்தும் பயன்படுத்தலாம். இந்த இரட்டைப் பயன்தான் இவற்றின் பெரிய பலம்.

கணினியோடு கட்டுண்ட வகை இன்னொன்று. வால்வ் இண்டெக்ஸ், எச்டிசி வைவ் ப்ரோ, பிக்ஸ்கிரீன் பியாண்ட் போன்றவை. தனியாக எதுவும் செய்யாது, திரையும் லென்ஸும் உணரிகளும் மட்டும்தான். நல்ல கிராபிக்ஸ் கார்டு கட்டாயம்.

கேம் கன்சோல் வகையில் சோனி பிளேஸ்டேஷன் விஆர்2. 2023 பிப்ரவரியில் வந்தது. பிளேஸ்டேஷன் 5-இல் ஒரே ஒரு யூஎஸ்பி-சி கேபிளைச் செருகினால் போதும். கேபிளில் ஓடும் வகைகளில் இணைப்புத் தலைவலி இல்லாதது இதுதான்.

ஆப்பிள் விஷன் ப்ரோவும் சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆரும் தனித்தியங்குபவைதான் என்றாலும் நோக்கம் வேறு. விளையாட்டைவிட வேலைத்திரை, படம் பார்ப்பது, பயன்பாடுகள் ஆகியவற்றுக்கு முதலிடம். இரண்டிலும் பேட்டரி தனியாக, கேபிளில் தொங்கும். இரண்டோடும் பெட்டியில் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் வராது, கண்பார்வையும் கைவிரலும்தான் சுட்டி. கன்ட்ரோலர் தேவைப்படும் விளையாட்டுகளே உங்கள் குறி என்றால் இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

தளத்தை எடைபோடுவது

ஹெட்செட்டை மாற்றலாம். வாங்கிச் சேர்த்த விளையாட்டுகளை அப்படி மாற்ற முடியாது. ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் நீங்கள் ஆட, பார்க்க விரும்பும் பத்து பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று அந்தந்தக் கடைப் பக்கத்தில் தேடிக் குறியுங்கள். கால் மணி நேர வேலை. பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கடையோடு சேர்ந்த ஸ்டீம்விஆர் திறந்த தளம். அதில் வாங்கிய விளையாட்டு இண்டெக்ஸிலும் ஓடும், வைவிலும் ஓடும், கணினியோடு இணைத்த குவெஸ்டிலும் ஓடும். நாளைக்கு வேறு நிறுவனத்தின் ஹெட்செட்டுக்கு மாறினாலும் நூலகம் உங்களோடு வரும். ஆனால் கணினி வேண்டும், பெரும்பாலும் விண்டோஸ். மேக் கணினிகளுக்கான ஆதரவை ஸ்டீம்விஆர் 2020-லேயே நிறுத்திவிட்டது. விமானம் ஓட்டும், கார் ஓட்டும் சிமுலேட்டர்களில் தீவிரமாக இருப்பவர்களுக்குப் போக வேறு இடமில்லை, இதுதான்.

மெட்டாவின் ஹொரைசன் கடையில் வாங்குவது குவெஸ்ட் வரிசைக்குள்ளேயே இருக்கும். சில விளையாட்டுகளை ஒருமுறை வாங்கினால் குவெஸ்ட் பதிப்பும் மெட்டாவின் கணினிப் பதிப்பும் சேர்ந்து கிடைக்கும், ஆனால் அதுவும் ஸ்டீமுக்கு வராது. ஒரே விளையாட்டு இரண்டு கடையிலும் இருந்தால் எதில் வாங்குவது? கணினி இல்லாமல் ஆடப்போகிறீர்கள் என்றால் ஹொரைசன், கணினி வைத்திருப்பவர் என்றால் ஸ்டீம். இதை முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு ஒன்றையே இரண்டு தடவை காசு கொடுத்து வாங்க வேண்டிவரும்.

பிளேஸ்டேஷன் தளம் மூடியது. 2016-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் விஆருக்கு வாங்கிய விளையாட்டுகள் விஆர்2-இல் நேரடியாக ஓடாது. தலையும் கையும் எங்கே என்று கண்டறியும் டிராக்கிங் முறையே மாறிவிட்டதால், தயாரிப்பாளர் புதிய பதிப்பு வெளியிட்டால்தான் உண்டு. 2024 ஆகஸ்டில் கணினி அடாப்டர் ஒன்று வந்தது, அதைச் செருகினால் ஸ்டீம்விஆரிலும் ஆடலாம். ஆனால் எச்டிஆர் (ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை), கண் டிராக்கிங், தலை அதிர்வு, கன்ட்ரோலரின் விசை எதிர்ப்பு எல்லாம் அங்கே கிடைக்காது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 கேபிளை நீங்களே வாங்க வேண்டும், கணினியில் புளூடூத் 4.0-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கணினியின் புளூடூத்தைத்தான். மதர்போர்டின் வைஃபை ஆன்டெனாவைத் திருகாமல் விட்டிருப்பார்கள், பெரும்பாலும் அதே ஆன்டெனாதான் புளூடூத்துக்கும்.

ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆர் 2025 அக்டோபரில் கேலக்ஸி எக்ஸ்ஆரோடு வந்த புதுத் தளம். சாதாரண ஆண்ட்ராய்டு பயன்பாடுகள் பெரும்பாலும் ஓடும். விஆருக்கென்றே எழுதப்பட்டவை இனிமேல்தான் சேர வேண்டும். ஆப்பிளின் விஷன்ஓஎஸ் ஆப்பிள் சாதனங்களோடு பின்னிப்பிணைந்தது. மேக் வைத்திருப்பவருக்கு அதன் திரையை அகலமாக எதிரே விரித்துக்கொள்வது நிஜமான பயன், மற்றவருக்கு அந்த விலைக்கு நியாயம் தேடுவது கடினம்.

ஓபன்எக்ஸ்ஆர் என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். அது கடையும் அல்ல, இயங்குதளமும் அல்ல. குரோனோஸ் குழுமம் 2019-இல் வெளியிட்ட பொது இடைமுகம். விளையாட்டு எழுதுபவர் ஒருமுறை எழுதினால் பல ஹெட்செட்டுகளில் ஓடவைக்க உதவுகிறது. ஒரு கணினியில் ஒரு நேரத்தில் ஒரு ஓபன்எக்ஸ்ஆர் இயக்கிதான் முதன்மையாக இருக்க முடியும். மெட்டாவின் மென்பொருளும் ஸ்டீம்விஆரும் ஒரே கணினியில் இருந்தால், விளையாட்டு ஹெட்செட்டில் வராமல் மானிட்டரில் மட்டும் திறக்கும் கோளாறுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஸ்டீம்விஆர் அமைப்புகளில் ஓபன்எக்ஸ்ஆர் பகுதிக்குப் போய் ஸ்டீம்விஆரை முதன்மையாக்குங்கள், சரியாகிவிடும்.

கண்களுக்கு இடைப்பட்ட தூரம்

இரண்டு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை ஐபிடி என்பார்கள். பெரியவர்களுக்குச் சராசரி ஏறத்தாழ 63 மி.மீ. லென்ஸ்களின் நடுப்புள்ளி இதோடு ஒத்துப்போகாவிட்டால் எத்தனை பிக்சல் இருந்தும் படம் மங்கும், கண் வலிக்கும், பொருள்களின் அளவுகூடத் தப்பாகத் தெரியும். வாங்குமுன் அளந்துவிடுங்கள்.

மி.மீ. கோடுகள் தெளிவாக உள்ள அளவுகோலும் கண்ணாடியும் போதும். கண்ணாடிக்கு 20 செ.மீ. தூரத்தில் நேராக நின்று அளவுகோலைப் புருவத்தை ஒட்டிக் கிடையாக வையுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்மணியின் நடுவில் 0 கோட்டை நிறுத்துங்கள். இப்போது தலையையும் அளவுகோலையும் அசைக்காமல் இடது கண்ணை மூடி வலது கண்ணைத் திறங்கள். வலது கண்மணியின் நடுவுக்கு நேராக வரும் எண்தான் விடை. மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் தலை அசைந்திருக்கிறது, மறுபடி அளக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடிக் கடையிலேயே இந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இனி ஹெட்செட்டோடு ஒப்பிடுங்கள். குவெஸ்ட் 3-இல் அடியில் உள்ள சக்கரத்தைத் திருகி 53 முதல் 75 மி.மீ. வரை எந்த அளவுக்கும் கொண்டுவரலாம். குவெஸ்ட் 3எஸ்-இல் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். உங்கள் எண் 62 என்றால் எந்தக் கவலையும் இல்லை. 72 என்றால் 3எஸ் உங்களுக்கானதல்ல, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. இண்டெக்ஸில் 58 முதல் 70 வரை. முதல் பிக்ஸ்கிரீன் பியாண்ட் 127 கிராம்தான், இறகு போல இருக்கும். ஆனால் அதை வாங்குபவரின் முகத்தை ஸ்கேன் செய்து, அவருடைய ஐபிடிக்கே நிலையாகச் செய்துதருவார்கள். அதைக் கைமாற்றி வாங்குவது அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை வாங்குவது போல.

லென்ஸும் திரையும்

ஃப்ரெனெல் லென்ஸில் வட்டவட்டமாக வரிகள் தெரியும். குவெஸ்ட் 3எஸ், பிளேஸ்டேஷன் விஆர்2 இரண்டிலும் இதுதான். விலை குறைவு, ஒளி அதிகம் கடக்கும். குறை என்னவென்றால் நடுவில் மட்டும்தான் தெளிவு, ஓரத்துக்குப் போகப்போக மங்கல். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி ஒளிக்கீற்று பரவும். பான்கேக் லென்ஸ் மெல்லியது, ஓரம்வரை தெளிவு தரும். குவெஸ்ட் 3, பிகோ 4, விஷன் ப்ரோ இதைப் பயன்படுத்துகின்றன. ஒளியை உள்ளுக்குள்ளேயே மடக்கிமடக்கி அனுப்புவதால் அதில் பெரும்பகுதி வீணாகும், அதற்கு ஈடாகத் திரை பிரகாசமாக எரிய வேண்டும்.

கண்ணில் படும் கூர்மையைச் சொல்லும் எண் பிக்சல் எண்ணிக்கை அல்ல, பார்வையின் ஒரு பாகைக்கு எத்தனை பிக்சல் என்பது. ஆரோக்கியமான கண்ணுக்கு இது 60 என்று வைத்துக்கொள்வது வழக்கம். குவெஸ்ட் 3எஸ்-க்கு 20, குவெஸ்ட் 3-க்கு 25 என்கிறது மெட்டா. விளையாட்டில் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுவீர்கள். விமானத்தின் கருவிப்பலகையைப் படிக்கும்போது, மெய்நிகர் மானிட்டரில் எழுத்து வாசிக்கும்போது மறக்க முடியாது. நாள் முழுக்க எழுத்து வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 25-ம் போதாது, விஷன் ப்ரோ, கேலக்ஸி எக்ஸ்ஆர் போன்றவற்றின், பிக்சல்களை மிக நெருக்கமாக அடுக்கிய மைக்ரோ ஓலெட் திரைகளை நோக்கித்தான் போக வேண்டும்.

இருட்டுக் காட்சிகள் பிடிக்குமென்றால், ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் திரையைத் தேடுங்கள். எல்சிடியில் கறுப்பு சாம்பலாகத் தெரியும்.

டிராக்கிங்

ஹெட்செட்டில் உள்ள கேமராக்கள் அறையைப் பார்த்து இடத்தைக் கணிப்பது ஒரு முறை. குவெஸ்ட், பிகோ, பிளேஸ்டேஷன் விஆர்2 எல்லாம் அப்படித்தான். இதற்கு அறையில் வெளிச்சம் வேண்டும், சுவர் முழுக்க வெறும் வெள்ளையாக இருக்கக் கூடாது. பெரிய நிலைக்கண்ணாடி இருந்தால் துணியால் மூடுங்கள். சீரியல் விளக்குகளைக் கன்ட்ரோலரின் அகச்சிவப்புப் புள்ளிகள் என்று சில சமயம் எண்ணிவிடும், அணைத்துவிடுங்கள். கை முதுகுக்குப் பின்னால் போனால் சில நொடிகளுக்கு ஊகித்துச் சமாளிக்கும், அப்புறம் கை மிதந்து போய்விடும்.

சுவரில் பொருத்தும் லேசர் நிலையங்கள் இன்னொரு முறை. இண்டெக்ஸ், வைவ் ப்ரோ, பியாண்ட் இதை நம்புபவை. அறையின் எதிரெதிர் மூலைகளில், 2 மீட்டருக்கு மேல், 30 முதல் 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்த வேண்டும். கை எங்கே போனாலும் துல்லியம் குறையாது, உடலில் டிராக்கர் கட்டி நடனமாடுபவர்கள் இதை விடமாட்டார்கள். சுழலும் மோட்டார் இருப்பதால் அதிரும் அலமாரியின் மேல் வைக்காதீர்கள், படம் நடுங்கும். பழையதாக வாங்கும்போது 1.0, 2.0 என்று இரண்டு பதிப்புகள் இருப்பதை நினைவில் வையுங்கள். 2016-இன் முதல் வைவ் 1.0-ஓடு மட்டும்தான் வேலை செய்யும். இண்டெக்ஸும் வைவ் ப்ரோவும் இரண்டோடும் ஒத்துப்போகும். ஒரே அறையில் இரண்டு பதிப்புகளையும் கலக்க முடியாது.

எழுந்து நடந்து ஆட 2×2 மீட்டர் வெற்றிடம் வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறி தாழ்வாகத் தொங்கினால் கையை முழுதாக உயர்த்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கணினியோடு இணைக்கும்போது

அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். கவனமாகப் போக வேண்டும்.

மடிக்கணினியில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட் கேட்கும் ஹெட்செட் வேலை செய்யாது. சாதாரண மாற்றிகள் உதவாது. யூஎஸ்பி-சி இருக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது. அந்தப் போர்ட் கிராபிக்ஸ் கார்டோடு இணையாமல் செயலியின் உள்கிராபிக்ஸோடு இணைந்திருக்கலாம், வெறும் தரவுப் போர்ட்டாகவும் இருக்கலாம். என்விடியா கார்டு என்றால் அதன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் சரவுண்ட், ஃபிஸ்எக்ஸ் அமைக்கும் பக்கத்தைத் திறங்கள். ஒரு மானிட்டரை அந்தப் போர்ட்டில் செருகியதும் அது எந்தச் சிப்போடு கோடு போட்டு இணைகிறது என்று படமாகவே காட்டும்.

கிராபிக்ஸ் கார்டு போதுமா என்பதற்கு ஒரு கணக்கு. இண்டெக்ஸின் திரை கண்ணுக்கு 1440×1600தான். லென்ஸ் வளைவை ஈடுகட்ட ஸ்டீம்விஆர் அதை இரு பக்கமும் 1.4 மடங்கு பெரிதாக, அதாவது 2016×2240 ஆக வரையச் சொல்லும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 90 லட்சம் பிக்சல். 4கே மானிட்டருக்கே 83 லட்சம்தான். அதையும் 90 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 90 படம்) ஒவ்வொரு படத்துக்கும் 11.1 மில்லிநொடிக்குள் முடிக்க வேண்டும். 12 ஆனால், பாதிப் படங்களை மென்பொருள் இட்டுக்கட்டி நிரப்பும். தலையைத் திருப்பும்போது பொருள்களின் ஓரம் நெளியும். மானிட்டரில் கேம் நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து விஆரை முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். நெளிந்தால் முதலில் குறைக்க வேண்டியது வரையும் அளவு, அடுத்து நிழல்கள். ஹெர்ட்ஸைக் கடைசியாகத் தொடுங்கள்.

குவெஸ்டைக் கேபிளில் இணைப்பதென்றால் யூஎஸ்பி 3 கேபிளை, கணினியின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். முன்பக்கப் போர்ட், ஹப் இரண்டும் இடையிடையே துண்டிப்பைத் தரும். கேபிள் இருந்தும் பேட்டரி மெல்ல இறங்கினால் பழுது என்று பயப்பட வேண்டாம், பல போர்ட்டுகள் ஹெட்செட் தின்னும் மின்சாரத்தைவிடக் குறைவாகவே தரும்.

வைஃபையில் இணைப்பது இன்னும் சௌகரியம். ஆனால் ஹெட்செட்டைவிட ரவுட்டர்தான் அங்கே முக்கியம். கணினி ரவுட்டரோடு ஈதர்நெட் கேபிளில் இணைந்திருக்க வேண்டும். கணினியும் வைஃபையில் இருந்தால் ஒரே காற்றலையில் படம் இரண்டு முறை பயணிக்கும், தடுமாற்றம் நிச்சயம். ரவுட்டர் ஆடும் அறையிலேயே இருக்கட்டும். ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை 6 ரவுட்டரில் எல்லாம் சரியாக இருந்தால் இணைப்பு வேகம் 1200 மெகாபிட் என்று காட்டும். 52 முதல் 144 வரையான சேனல்களை ராடாரும் பயன்படுத்துகிறது. ராடார் அலை தென்பட்டதும் ரவுட்டர் சட்டென்று சேனல் மாறும், ஹெட்செட்டில் படம் உறையும். வாரத்துக்கு ஒருமுறை காரணமே தெரியாமல் துண்டிக்கிறது என்றால் 36 அல்லது 149-க்கு மாற்றிப் பாருங்கள். மெஷ் வைஃபையின் கிளைப் பெட்டி வழியாக மட்டும் முயலாதீர்கள்.

முகத்தில் அமர்வது

குவெஸ்ட் 3-இன் எடை 515 கிராம். விஷன் ப்ரோவின் முதல் பதிப்பு பேட்டரி இல்லாமலே 600 கிராமுக்கு மேல். எடையைவிட அது எங்கே அழுத்துகிறது என்பதுதான் கழுத்துக்குத் தெரியும். பின்பட்டையைப் பின்தலை மேட்டுக்குக் கீழே, கழுத்து தொடங்கும் குழியில் முதலில் உட்காரவையுங்கள். பிறகு முன்பகுதியை முகத்தில் இறக்கி, மேல்பட்டையால் எடையைத் தூக்குங்கள். பக்கப்பட்டையை இறுக்குவது கடைசி வேலை. கன்னத்தில் தடம் பதிகிறதென்றால் மேல்பட்டை தளர்ந்திருக்கிறது. படம் மங்கினால் இறுக்க வேண்டாம், மேலும் கீழும் 2, 3 மி.மீ. நகர்த்திப் பாருங்கள், எழுத்து சட்டென்று கூர்மையாகும் இடம் ஒன்று உண்டு.

மூக்குக்கண்ணாடியோடு போட்டால் இரண்டு லென்ஸும் உரசிக் கீறலாம். அளவெடுத்த செருகு லென்ஸ் வாங்குவதே நிரந்தர வழி. விஷன் ப்ரோவில் மூக்குக்கண்ணாடிக்கு இடமே கிடையாது, செருகு லென்ஸோ கான்டாக்ட் லென்ஸோதான்.

திருப்பித்தரும் காலத்துக்குள்

முதல் நாளே மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். கறுப்புத் திரையில் அணையாமல் வெள்ளையாகவே எரியும் புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். சாம்பல் திரையில் கறைத் திட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கன்ட்ரோலர் குச்சிகளைத் தொடாமல் விட்டு மெனுவில் நில்லுங்கள், பட்டியல் தானாக நகர்ந்தால் குச்சி நடுநிலையில் இல்லை, மாற்றித்தரக் கேளுங்கள்.

குமட்டலுக்கான சோதனை தனி. உட்கார்ந்தபடி, இடம் மாறாத விளையாட்டில் 15 நிமிடம். அடுத்த நாள், தாவிச்செல்லும் முறையில் நகரும் விளையாட்டு. குச்சியால் வழுக்கி நடப்பது ஒரு வாரம் கழித்து. நெற்றி சூடாகி வேர்க்க ஆரம்பித்ததும் உடனே கழற்றுங்கள். பல்லைக் கடித்துத் தொடர்ந்தால் பழகாது, ஹெட்செட்டின் வாசனைக்கே வயிறு புரளும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

பழையதை வாங்குகிறீர்கள் என்றால், விற்பவர் உங்கள் கண் முன்னாலேயே தன் கணக்கிலிருந்து ஹெட்செட்டை நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்க வேண்டும். பிறகு லென்ஸின் ஆழத்தில், திரையில் மஞ்சளாகவோ ஊதாவாகவோ கோடு போன்ற தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது வெயில் சுட்ட தடம். லென்ஸ் பூதக்கண்ணாடி போலச் சூரிய ஒளியைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும், ஜன்னலோரம் சில நிமிடம் போதும். அதைச் சரிசெய்ய வழி இல்லை. உங்களுடையதைப் பயன்படுத்தாதபோது லென்ஸைத் துணியால் மூடி, வெயில் எட்டாத அலமாரியில் வையுங்கள்.